நான் செய்யாத தவறுக்கு நான் ஏன் கட்டுப்பட வேண்டும்?

இளையர்களே, ஒரு சின்ன விஷயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய கேள்வி ஒன்றை யோசித்துப் பார்ப்போம். சின்ன விஷயம், ரிமோட் கண்ட்ரோல் விமானம். பெரிய கேள்வி, தலைப்பிலேயே இருக்கிறது.

"இதுக்கும் நம்ம தர்மத்துக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. பள்ளியில், தேசிய சேவை முகாமில், கோயில் ஊர்வலத்தில் என்று எங்கே போனாலும், யாரோ ஒருத்தர் பண்ணின தப்புக்காக எல்லாருக்கும் சேர்த்து ஒரு விதி வந்து நிற்கிறது. அப்போது மனத்தில் ஒரு கோபம் வருகிறதே, அது நியாயமான கோபமா? அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்வது? இதை யோசிக்க இந்தப் பொழுதுபோக்கு நல்ல உதாரணம்.

நடந்தது என்ன?

2018 டிசம்பர். லண்டனுக்கு அருகே கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பறப்பதாகத் தகவல் வந்து ஓடுபாதை மூடப்பட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறை நேரம். ஏறக்குறைய 1,000 விமானச் சேவைகள் பாதிக்கப்பட்டன, சுமார் 140,000 பயணிகள் தவித்தார்கள். யார் செய்தது என்று கண்டுபிடிக்காமலேயே போலீஸ் விசாரணை முடிந்தது. ஆறு மாதம் கழித்து அதே தலைவலி நம் சாங்கிக்கு வந்தது. 2019 ஜூன் 18 இரவிலிருந்து மறுநாள் காலை வரை ட்ரோன்கள் தென்பட்டதால் ஓர் ஓடுபாதை விட்டுவிட்டு மூடப்பட்டது. 37 விமானங்கள் தாமதமாயின. ஒரு வாரம்கூட ஆகவில்லை, 24ஆம் தேதி மறுபடியும் அதே கதை.

சிங்கப்பூரில் ஆளில்லா வானூர்திகளுக்கான சட்டம் 2015லேயே வந்துவிட்டது. சாங்கி சம்பவங்களுக்குப் பிறகு பிடி இறுகியது. 2020 பிப்ரவரி 1 முதல், 250 கிராமுக்கு மேல் எடையுள்ள எந்த ஆளில்லா வானூர்தியையும் வெளியில் பறக்கவிடுவதற்கு முன் சிங்கப்பூர்ச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்பவருக்குக் குறைந்தது 16 வயது ஆகியிருக்க வேண்டும். ஒட்ட வேண்டிய லேபிளின் விலை தொடங்கியபோது 15 வெள்ளி. பதியாமல் பறக்கவிட்டால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 2021 பிப்ரவரியிலிருந்து, பொழுதுபோக்குக்காகவே ஆனாலும், 1.5 கிலோவுக்கு மேல் போனால் அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழ், 7 கிலோவுக்கு மேல் போனால் உரிமம்.

இவற்றோடு எங்கே, எவ்வளவு உயரம் என்ற வரம்பும் உண்டு. விமான நிலையம், விமானப் படைத் தளம் ஆகியவற்றிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றால் அனுமதி வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 200 அடிக்கு மேல் போனாலும் அனுமதி வேண்டும். 200 அடி என்பது ஏறக்குறைய 20 மாடி வீவக புளோக்கின் உயரம். கடல் மட்டத்திலிருந்து கணக்கு என்பதைக் கவனியுங்கள். புக்கிட் தீமா குன்றின் உச்சி 160 மீட்டருக்கு மேல். அங்கே விமானத்தைத் தரையில் வைத்தாலே உயர வரம்பைத் தாண்டியாகிவிட்டது!

இந்த விதிகளில் "ஆளில்லா வானூர்தி" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வகை அடங்குகின்றன. கடையில் வாங்கிப் பெட்டியைப் பிரித்ததும் பறக்கும் கேமரா ட்ரோன் ஒன்று. பால்சா மரத்தை வெட்டி ஒட்டி, மாதக்கணக்கில் ஒருவர் கையால் கட்டிய மாடல் விமானம் இன்னொன்று. சாங்கியில் தொல்லை கொடுத்தது ட்ரோன். கட்டுப்பாடு வந்தது இரண்டுக்கும்.

ஓர் அண்ணனை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாக ஓல்ட் ஹாலண்ட் ரோட்டுத் திடல் மாதிரி இடங்களில் ஞாயிறு காலையில் விமானம் விட்டவர். ஒரு தடவைகூட யார் தலைக்கு மேலும் பறக்கவிட்டதில்லை. அவர் சொல்வார்: "தம்பி, எவனோ ஏர்போர்ட் பக்கத்துல ட்ரோன் விட்டான். அவனைப் பிடிக்க முடியலை. அதனால என்னைப் பிடிச்சுட்டாங்க." இதற்கு என்ன பதில் சொல்வது? "சட்டம்னா சட்டம்தான், அண்ணே" என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அது சோம்பேறித்தனமான பதில். அவருடைய கோபத்தில் உண்மை இருக்கிறது.

தண்டனையும் காவலும்

ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவரைத் தண்டிப்பது அநியாயம். வினைப்பயன் பற்றி நம் சமயம் சொல்வதும் இதுதான்: செய்தவனுக்கே செய்ததன் பலன். அப்படியானால் அந்த அண்ணனைப் பதிவு செய்யச் சொல்வது அநியாயம்தானே?

இங்கேதான் ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தண்டனை நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்க்கிறது. காவல் இனி நடக்கக்கூடியதை எதிர்பார்க்கிறது. வாகன உரிமம் எடுக்கச் சொன்னால் "நான் என்ன, விபத்து பண்ணினவனா?" என்று யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வேலி போடுகிறவர் தெருவில் போகிற எல்லாரையும் திருடன் என்று சொல்லவில்லை. பதிவு லேபிளும் அந்த அண்ணனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. "இந்த விமானம் யாருடையது?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இருக்க வேண்டும் என்று மட்டுமே சொல்கிறது.

ஆனால் காவல் என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் செய்யலாமா? கூடாது. காவலுக்கும் ஓர் அளவு உண்டு. 5 கிலோமீட்டர் ஆரம் என்றால் ஒரு வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 78 சதுர கிலோமீட்டர். நம் தீவு முழுவதுமே 730 சதுர கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். சாங்கி, சிலேத்தார், பாய லேபார், தெங்கா, செம்பவாங் என்று வட்டம் போட்டுப் பாருங்கள். சில வட்டங்களின் ஒரு பகுதி கடலில் விழுந்தாலும், மிச்சம் இருக்கும் திறந்த வெளி எவ்வளவு என்று வரைபடமே சொல்லிவிடும். பெரிய நாட்டுக்காரருக்கு லேசாகத் தெரியும் விதி இங்கே நிஜமான பாரம். அதைச் சொல்வது முறையிடுதல் ஆகாது, கணக்கு.

திருக்குறளில் செங்கோன்மை என்று ஓர் அதிகாரம், அதற்கு அடுத்தே கொடுங்கோன்மை. வள்ளுவர் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார். குடிமகனுக்கு மட்டும்தான் தர்மம், ஆள்பவருக்கு இல்லை என்பது நம் மரபில் எங்குமே கிடையாது. ஆபத்து எவ்வளவோ அந்த அளவுக்கே கட்டுப்பாடு இருக்க வேண்டும். நம்பிக்கை வளரும்போது கட்டு தளர வேண்டும். இது ஆள்பவரின் கடமை.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஓர் உதாரணம் உண்டு. 1973 முதல் சிங்கப்பூரின் தைப்பூச ஊர்வலப் பாதையில் இசைக்கருவிகள் வாசிக்கத் தடை. குழுக்களுக்கு இடையே நடந்த கைகலப்புகள்தான் காரணம் என்று அதிகாரிகள் விளக்கினார்கள். சண்டை போட்டவர்கள் சிலர். மேளச் சத்தம் இல்லாமல் காவடி எடுத்தவர்களோ, அன்று பிறந்தே இராதவர்கள் உள்பட, ஆயிரக்கணக்கானோர். வருத்தம் இருந்தது, பேச்சுவார்த்தையும் நடந்தது. 2016ல் பாதையில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. 43 வருஷம்! கட்டு விழுவதற்கு ஒரு நாள் போதும், தளர்வதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆகலாம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. அந்தத் தளர்வு ஒளிந்து மேளம் அடித்ததால் வரவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

கிளிப் இருந்த காலம்

இப்போது மாடல் விமானக்காரர்களின் பழைய கதை ஒன்றுக்கு வருவோம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இது.

இன்றைய ரிமோட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வேலை செய்கின்றன. பக்கத்தில் பத்துப் பேர் நின்றாலும் ஒருவருடைய சிக்னல் இன்னொருவருடையதோடு மோதாது. இந்தத் தொழில்நுட்பம் பரவியது 2000க்குப் பிறகுதான். அதற்கு முன் ஒவ்வொரு ரிமோட்டுக்கும் ஒரு குறிப்பிட்ட சேனல். ஒரே சேனலில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சுவிட்சைப் போட்டால், ஏற்கெனவே மேலே பறந்துகொண்டிருக்கும் விமானம் கட்டுப்பாடு இழந்து விழும். ஆறு மாத உழைப்பு ஆறு நொடியில் தரைமட்டம். கீழே யாராவது நின்றால் உயிருக்கே ஆபத்து.

அதற்கு மன்றங்கள் கண்டுபிடித்த வழி என்ன தெரியுமா? திடலில் ஒரு பலகை. அதில் ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு கிளிப், துணி காயப்போடும் கிளிப் மாதிரி. உங்கள் சேனலின் கிளிப் பலகையில் இருந்தால் எடுத்து உங்கள் ரிமோட்டில் மாட்டிக்கொண்டு பறக்கலாம். கிளிப் இல்லையென்றால் வேறு யாரோ அந்தச் சேனலில் இருக்கிறார். அவர் இறக்கிவிட்டுக் கிளிப்பைத் திருப்பி வைக்கும்வரை உங்கள் சுவிட்சில் கை வைக்கக் கூடாது.

யோசிச்சுப் பாருங்க. பூட்டு இல்லை, அபராதம் இல்லை, அதிகாரி இல்லை. இருந்தது ஒரு கிளிப்பும், அதை மதிக்கும் மனிதர்களும்தான். புதிதாக வரும் பையனுக்கு முதலில் சொல்லித்தந்தது விமானம் ஓட்டுவதை அல்ல, இந்தக் கிளிப் ஒழுக்கத்தை. மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, எடை நடுவில் நிற்கிறதா, இறக்கையின் கட்டு இறுக்கமா, தூரத்திலிருந்து சிக்னல் கிடைக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் பறக்க விடுவார். ஏனென்றால் மாடல் விமானம் தானாகப் பறக்காது. கற்றுக்கொள்ளாமல் விட்டால் முதல் நிமிஷத்திலேயே விழும். அதனால் கற்க வருகிறவர் எல்லாரும் ஓர் ஆசிரியரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது.

ட்ரோன் வந்ததும் அந்த வாசல் திறந்துகொண்டது. ஜிபிஎஸ் அதை அந்தரத்தில் நிறுத்துகிறது, கை விட்டாலும் விழாது. திறமை தேவையில்லை, அதனால் ஆசிரியர் தேவையில்லை, அதனால் அவரோடு சேர்ந்து வந்த ஒழுக்கமும் தேவையில்லாமல் போயிற்று. ட்ரோன் கெட்ட பொருள் என்று சொல்லவரவில்லை. பறக்கும் சக்தி எல்லாருக்கும் கிடைத்தது, பறப்பதற்குமுன் கிடைத்த பாடம் கிடைக்கவில்லை. குரு உட்கார்ந்திருந்த இடம் காலியானது. காலியான நாற்காலியில் சட்டம் வந்து உட்கார்ந்தது.

அந்த அண்ணனின் கோபத்துக்கு என் பதில் இதுதான். "அண்ணே, உங்களைப் பிடிக்க வரலை. உங்களை மாதிரி ஒருத்தர் பக்கத்துல இல்லாதவங்களுக்காக வந்திருக்கு. ஆனா சட்டத்துக்குக் கண்ணு இல்லை, உங்களையும் அவங்களையும் பிரிச்சுப் பார்க்கத் தெரியலை."

பதஞ்சலியும் திருமூலரும் யமம், நியமம் என்ற இரண்டையும் யோகத்தின் முதல் படிகளாக வைத்தார்கள். செய்யக் கூடாததை நானே விடுவது யமம். செய்ய வேண்டியதை நானே செய்வது நியமம். பதஞ்சலியின் யமப் பட்டியலில் முதலில் நிற்பது அகிம்சை. அந்தக் கிளிப் பலகை யமமே. வெளியிலிருந்து வரும் விதியும் உள்ளிருந்து வரும் யமமும் ஒரே செயலைச் செய்யச் சொல்லலாம். ஆனால் யாரும் பார்க்காத இடத்தில் இரண்டும் பிரிந்துவிடும்.

249 கிராம்

பிரிவதைப் பார்க்க வேண்டுமா? 250 கிராம் என்ற கோட்டை முதலில் பிரபலமாக்கியது அமெரிக்கா, 2015ல். பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின. 2019 இறுதியில் டிஜேஐ நிறுவனம் ஒரு சின்ன ட்ரோனைக் கொண்டுவந்தது. எடை 249 கிராம். அப்போது ஜப்பானில் வரம்பு 200 கிராம், ஆகவே ஜப்பானுக்கு மட்டும் 199 கிராமில் ஒன்று. 2022ல் ஜப்பான் தன் வரம்பை 100 கிராமுக்கு இறக்கிவிட்டது.

அந்த நிறுவனத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. லேசான ட்ரோன் விழுந்தால் அடி குறைவு, சட்டம் விரும்பியதும் அதைத்தான். நான் கேட்பது வாங்குகிறவர் மனத்தைப் பற்றி. "249 தானே, என்னை யாரும் கேட்க முடியாது" என்று ஒருவர் சாங்கிக்குப் பக்கத்தில் அதைப் பறக்கவிட்டால்? பதிவு வேண்டாம் என்பது உண்மை. 5 கிலோமீட்டர், 200 அடி வரம்புகள் எடை பார்ப்பதில்லை என்பதும் உண்மை. அதைவிடப் பெரிய உண்மை, விமான எஞ்சினுக்குள் போகும் பொருளுக்கு 249க்கும் 251க்கும் வித்தியாசம் தெரியாது.

எண்கள் மனிதர்கள் வைத்துக்கொண்ட கோடுகள். இங்கே 200 அடி, ஜொகூர்ப் பாலத்தைத் தாண்டினால் மலேசியாவின் 2016 விமானப் போக்குவரத்து விதிமுறைகளில் 400 அடி. இயற்கையில் அப்படி ஒரு கோடு இல்லை. எங்காவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால் போட்டிருக்கிறார்கள். கோட்டுக்கு உள்ளே நிற்பது சட்டம். கோடு எதற்காகப் போடப்பட்டது என்று கேட்டு நடப்பது தர்மம். கோட்டின் ஓரத்திலேயே கண் வைத்திருப்பவர்கள் கூடினால் கோடு இன்னும் உள்ளே நகரும்.

வழக்கில் ஜெயித்தவர்கள்

"அப்படின்னா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டுப் போறதா?" வேண்டாம். எதிர்க்கலாம், கேட்கலாம், வழக்கும் போடலாம். இந்தப் பாதையில் நமக்கு முன்னால் போனவர்கள் அமெரிக்கர்கள். அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பார்ப்பது பயன்படும்.

அங்கே மாடல் விமானக்காரர்களின் தேசியச் சங்கம் 1936ல் தொடங்கியது. தங்களுக்கென்று பாதுகாப்பு விதிகளைத் தாங்களே எழுதிப் பல தலைமுறை நடத்தினார்கள். அதை மதித்து, 2012ல் அந்நாட்டு நாடாளுமன்றம், இப்படிப்பட்ட சங்க விதிகளின்படி பறப்பவர்கள்மீது விமானத் துறை புது விதி போடக் கூடாது என்றே சட்டம் செய்தது. 2015 டிசம்பரில் துறை எல்லாரையும் பதிவு செய்யச் சொன்னபோது, ஓர் ஆர்வலர் வழக்குப் போட்டார். 2017 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெற்றி! ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் புதுச் சட்டத்தால் பதிவைத் திருப்பிக் கொண்டுவந்தது. 2018ல் அந்தப் பழைய விலக்கும் நீக்கப்பட்டது. ஏழு மாதத்து வெற்றி.

எல்லாம் போய்விட்டதா? இல்லை. பின்னர், பதிவு செய்ய வேண்டிய ஒவ்வொன்றும் பறக்கும்போது தன் அடையாளத்தை ரேடியோவில் ஒலிபரப்ப வேண்டும் என்ற விதி வந்தது. அப்போது மன்றத் திடல்களுக்கு ஒரு வழி விட்டார்கள். துறை அங்கீகரித்த திடலுக்குள், கண்பார்வைக்கு எட்டும் தூரத்தில், அந்தக் கருவி இல்லாமலேயே பழைய மாடல்களைப் பறக்கவிடலாம். நீதிமன்றத்தில் கிடைத்த உரிமை கையைவிட்டுப் போயிற்று. பல காலம் ஒழுங்காக நடத்திக்காட்டிய திடல் மிச்சம் நின்றது. "எங்களை நம்புங்கள்" என்று சொல்வதைவிட, நம்பத்தக்க இடம் ஒன்றைக் கட்டிக்காட்டியது பேசியது.

நமக்கு என்ன?

கீதையின் மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணன் லோகசங்கிரகம் என்ற ஒன்றைச் சொல்கிறார். உலகம் சிதறாமல் ஒன்றாக நிற்கும்படி ஒருவர் தன் கடமையைச் செய்வது. தெரிந்தவர் செய்வதைப் பார்த்துத்தான் மற்றவர் நடப்பார், ஆகவே தெரிந்தவருக்குப் பொறுப்பு அதிகம் என்கிறார். தலைப்பில் இருக்கும் கேள்விக்கு என் பதில் இங்கே இருக்கிறது. நான் கட்டுப்படுவது நான் தவறு செய்ததால் இல்லை. எனக்குத் தெரியும் என்பதால். தெரியாதவர் என்னைப் பார்க்கிறார் என்பதால்.

இது மாடல் விமானத்துக்கு மட்டுமா? நம் கோயில் கும்பாபிஷேகத்தைப் பாருங்கள். கலசத்தில் நீர் ஊற்றும் அந்த நிமிஷம், தலைக்கு மேலே விர்ரென்று ஒரு ட்ரோன். கீழே தாத்தா பாட்டிகள், கைக்குழந்தைகள், நெரிசல். வீடியோ அழகாக வரும், சந்தேகமில்லை. அதை இயக்குபவர் அனுமதி வாங்கினாரா, பேட்டரி எவ்வளவு மிச்சம், விழுந்தால் யார் மேல் விழும் என்று கேட்க நம் தொண்டர் அணியில் ஒருவர் இருக்கிறாரா? இருந்தால் நம்மிடம் ஒரு கிளிப் பலகை இருக்கிறது. இல்லையென்றால், நாளை எங்காவது ஒன்று விழுந்து, கோயில்களுக்கு என்றே ஒரு தனி விதி வரும்போது "நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்க நமக்கு வாய் இருக்காது.

இந்தப் பொழுதுபோக்கில் ஆசையுள்ள தம்பி தங்கைகளுக்கு மூன்று விஷயம். 16 வயதுக்குக் கீழே இருந்தால் பெரியவர் ஒருவர்தான் பதிவு செய்ய வேண்டும், சட்டமே உங்கள் பக்கத்தில் ஒரு மூத்தவரை நிறுத்துகிறது. பெயருக்குக் கையெழுத்துப் போடுபவராக அவரை விட்டுவிடாதீர்கள், அந்த அண்ணன் மாதிரி ஒருவரைத் தேடிப்பிடித்துக் கற்றுக்கொள்ளுங்கள். அடுத்து, எடை எதுவானாலும், யாரும் பார்க்காவிட்டாலும், வரம்புக்குள் பறக்கவிடுங்கள். கடைசியாக, திடல் போதவில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். ஆணையத்துக்கு எழுதுங்கள், எந்த இடம், எந்த நேரம், யார் பொறுப்பு, என்ன பாதுகாப்பு என்று எழுதிக் கேளுங்கள். நாலு வருஷம் ஒரு விபத்தும் இல்லாமல் நடத்தின குழு எழுதும் கடிதத்துக்கு ஒரு கனம் உண்டு.

அந்தக் கனத்தைப் பதிவு லேபிளோடு சேர்த்து வாங்க முடியாது. ஞாயிறு ஞாயிறாகச் சேர்க்க வேண்டியதுதான்.